ஆறடி ஆறு அங்குல சென்டர்: கைல் ஹைன்ஸ் ஐரோப்பாவில் ஆடிய பதினாறு ஆண்டுகள்

ஸ்டெஃபன் கரியைத் தெரியாத கூடைப்பந்து ரசிகர் இருக்க மாட்டார். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்கு வரும் முன் அவர் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரிக்கு ஆடினார். அந்தக் கல்லூரி அப்போது சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் குழுமத்தில் இருந்தது. 2008, 2009 இரண்டு ஆண்டுகளும் அந்தக் குழுமத்தின் சிறந்த வீரர் விருது கரிக்குத்தான். 2007இல், கரி முதலாம் ஆண்டு மாணவராக வந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்த அதே பருவத்தில், அந்த விருதை வாங்கியவர் வேறொருவர்: நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்போரோ வளாகத்துக்கு ஆடிய கைல் ஹைன்ஸ்.

கரி எங்கே போனார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹைன்ஸ் என்பிஏவின் வழக்கமான பருவத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனால் ஐரோப்பாவின் உச்சப் போட்டியான யூரோலீக்கை நான்கு முறை வென்றார், மூன்று முறை அதன் சிறந்த தடுப்பாட்டக்காரராகத் தேர்வானார், 2024இல் 37 வயதில் ஒரு சாம்பியன் அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அமெரிக்காவில் படித்துவிட்டு வெளிநாட்டில் ஆடப்போகும் வீரர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "என்பிஏ கிடைக்கவில்லை, அதனால் போனார்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடித்துவிடுகிறார்கள். ஹைன்ஸின் கதையைப் பொறுமையாகப் பார்த்தால் அந்த வாக்கியம் எவ்வளவு குறைபட்டது என்று தெரியும்.

முதலில் கல்லூரிக் காலம். ஹைன்ஸ் நியூ ஜெர்சி மாநிலத்தில் வளர்ந்தவர். 2004இல் கிரீன்ஸ்போரோவில் சேர்ந்தார். உயரம் ஆறடி ஆறு அங்குலம், அதாவது 1.98 மீட்டர். சாதாரண மனிதர்களுக்கு இது பெரிய உயரம். ஆனால் அவர் ஆடியது சென்டர் இடத்தில், கூடைக்கு அடியில், ஏழடி ஆட்கள் நிற்கும் இடத்தில். நான்கு ஆண்டுகளில் 2,000 புள்ளிகள், 1,000 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 300 பிளாக்குகள் (எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடுவது) என்ற மூன்று கோடுகளையும் தாண்டினார். கல்லூரிக் கூடைப்பந்தின் முழு வரலாற்றிலும் இந்த மூன்றையும் சேர்த்துத் தொட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். டிம் டங்கன், டேவிட் ராபின்சன், அலோன்சோ மோர்னிங் ஆகியோர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மூவருமே ஹைன்ஸைவிடக் கணிசமாக உயரமானவர்கள்.

இவ்வளவு செய்தும் அவர் பெயர் ஏன் வெளியே கேட்கவில்லை? சதர்ன் கான்ஃபரன்ஸ் போன்ற சிறிய குழுமங்களிலிருந்து, மார்ச் மாதம் நடக்கும் தேசியப் போட்டிக்கு வழக்கமாக ஒரே ஒரு அணிதான் போகும். நாடே தொலைக்காட்சி முன் உட்காரும் அந்த மூன்று வாரங்கள்தான் சிறிய கல்லூரி வீரருக்குக் கிடைக்கும் ஒரே பெரிய மேடை. 2008இல் கரி அந்த மேடையில்தான் டேவிட்சனைக் கடைசி எட்டு அணிகள் வரை கூட்டிப்போனார். கிரீன்ஸ்போரோ ஹைன்ஸ் இருந்த நான்கு ஆண்டுகளிலும் அங்கே போகவில்லை. அவருடைய சிறந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அரங்கில் இருந்தவர்கள் மட்டுமே.

அடுத்தது டிராஃப்ட். என்பிஏ அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. மொத்தம் 60 இடங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் நிலையில் அன்று முன்னூறுக்கும் மேற்பட்ட அணிகள், அணிக்கு 13 பேர் வரை முழு உதவித்தொகையில் ஆடினார்கள். கணக்குப் போட்டால் நாலாயிரம் பேருக்கு மேல். அந்த 60 இடங்களிலும் சில வெளிநாட்டு இளைஞர்களுக்குப் போய்விடும். 2008 டிராஃப்டில் எடுக்கப்பட்ட சென்டர்களைப் பாருங்கள்: 10ஆவது இடத்தில் புரூக் லோபஸ், 17இல் ராய் ஹிபர்ட், 18இல் ஜவேல் மெக்கீ, 35இல் டிஆண்ட்ரே ஜோர்டன். எல்லோரும் ஏழடி, அல்லது அதை ஒட்டிய உயரம். அன்றைய என்பிஏவில் சென்டர் என்றால் அதுதான் அளவு. ஆறடி ஆறு அங்குலம் என்றால், "நீ சென்டருக்குக் குட்டை, வெளியிலிருந்து எறிவதற்கு உன் கை சரியில்லை, உன்னை எங்கே நிறுத்துவது?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் 60 பெயர்களும் வாசித்து முடிந்தன.

அப்படி விடுபட்டவருக்கு அன்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, என்பிஏவின் கிளை லீக்கான டி-லீக். அங்கே ஆண்டுச் சம்பளம் 25,000 டாலருக்குள்தான், ஆனால் என்பிஏ அணி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்ற நம்பிக்கை கூடவே வரும். இன்னொன்று, விமானம் ஏறுவது. ஹைன்ஸ் விமானம் ஏறினார். போய்ச் சேர்ந்தது மிலான், ரோம் போன்ற பெருநகரம் அல்ல; ரோமுக்குத் தென்கிழக்கே, ஃப்ரோசினோனே மாவட்டத்தில் மலைமேல் இருக்கும் வெரோலி என்ற சிற்றூரின் அணி. அது ஆடியது இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில்.

"வெளிநாடு போனார்" என்று அமெரிக்காவில் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். உண்மையில் அது ஒரே இடம் இல்லை, பல மாடிகள் கொண்ட கட்டடம். உச்சியில் யூரோலீக்: மாட்ரிட், பார்சிலோனா, ஏதென்ஸ், இஸ்தான்புல் போன்ற ஊர்களின் பெரிய கிளப்புகள். அதற்குக் கீழே இரண்டாம் நிலை ஐரோப்பியப் போட்டிகள், ஒவ்வொரு நாட்டின் முதல் டிவிஷன், அப்புறம் இரண்டாம் டிவிஷன். சீனாவின் லீக் அன்று தனி உலகம்: பருவம் குறுகியதாக இருந்தது, பணம் அதிகம், வெளிநாட்டவர் அணிக்கு ஓரிருவர்தான் இருந்தார்கள். என்பிஏ நட்சத்திரமாக இருந்த ஸ்டெஃபான் மார்பரி பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என மூன்று பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார், அந்த ஊரில் அவருக்குச் சிலையே இருக்கிறது. மேல்மாடியில் முன்னணி வீரர்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் கிடைக்கும். கீழ்மாடியில் மாதம் சில ஆயிரம் யூரோ. பெரும்பாலானவர்கள் கீழ் மாடிகளிலேயே ஆடி, ஐந்தாறு ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஹைன்ஸ் ஏறக்குறைய அடிமட்டத்தில் நுழைந்து ஒவ்வொரு படியாக ஏறினார். எனக்கு அவர் கதையில் மிகவும் பிடித்தது இதுதான்.

இந்தக் கட்டடத்தின் விதிகளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐபிஎல்லில் ஆடும் பதினொருவரில் நான்கு வெளிநாட்டவர்தான் இருக்கலாம் என்பது நமக்குத் தெரியும். ஐரோப்பாவின் பெரும்பாலான லீக்குகளிலும் இதே மாதிரி உச்சவரம்பு உண்டு, எண்ணிக்கைதான் நாட்டுக்கு நாடு மாறும். 1995இல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை வெளிநாட்டவர் என்று சொல்லித் தடுக்க முடியாது. அதனால் அமெரிக்க வீரர் ஒருவருக்கு அயர்லாந்திலோ இத்தாலியிலோ பிறந்த தாத்தா இருந்து, அந்த வழியில் ஒரு ஐரோப்பிய பாஸ்போர்ட் கிடைத்தால் சந்தையில் அவர் மதிப்பே ஏறிவிடும். அது இல்லாதவர்கள் அந்தச் சில இடங்களுக்காக மோத வேண்டும். அப்படி எடுத்துவரும் அமெரிக்கரிடமிருந்து சிறிய கிளப் எதிர்பார்ப்பது உடனடிப் பலன். இரண்டு மூன்று ஆட்டம் சரியில்லை என்றால் அடுத்த வாரமே வேறொருவர் வந்து இறங்குவார். கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஒரே பயிற்சியாளரின் நிழலில் வளர்ந்த 22 வயதுப் பையனுக்கு இது பெரிய அதிர்ச்சி.

ஒப்பந்தமும் வேறு மாதிரி. சம்பளம் வரி போகக் கையில் வரும் தொகையாகவே எழுதப்படும். வீடு, கார், ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் எல்லாம் கிளப்பின் பொறுப்பு. ஏஜென்ட்டின் கமிஷனையும் பெரும்பாலும் கிளப்பே கொடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பணம் தாமதமாக வருவதும் வராமலே போவதும் இந்தத் தொழிலின் பழைய நோய். மொழி தெரியாத நாட்டில் ஒரு வீரர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? இதற்காகவே உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா 2007இல் ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றத்தை உருவாக்கியது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், தகராறு அங்கே போகும். எந்த நாட்டின் சட்டத்தையும் பார்க்காமல், எது நியாயம் என்பதை வைத்தே தீர்ப்புச் சொல்லலாம் என்பது அதன் சிறப்பு. தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடலாம். வெளிநாட்டில் ஆடும் ஒரு வீரருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை என்பேன்.

ஹைன்ஸ் வெரோலியில் இரண்டு பருவங்கள் இருந்தார். 2010இல் ஜெர்மனியின் பாம்பெர்க் அணி அழைத்தது. பாம்பெர்க் சுமார் 70,000 பேர் வாழும் பழைய ஊர், ஆனால் கூடைப்பந்துப் பித்துக்கு ஜெர்மனியில் அதற்கு இணை கிடையாது. ஊருக்கே 'ஃப்ரீக் சிட்டி' என்று பட்டப்பெயர். அந்தப் பருவத்தில் பாம்பெர்க் யூரோலீக்கிலும் ஆடியது. இரண்டாம் டிவிஷனிலிருந்து நேராக ஐரோப்பாவின் உச்சிக்கு! அணி லீக், கோப்பை இரண்டையும் வென்றது. பெர்லினின் ஆல்பா அணியோடு ஐந்து ஆட்டங்கள் வரை போன இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஹைன்ஸ்.

அதே பாம்பெர்க்குக்கு அடுத்த ஆண்டு வந்தவர் பி.ஜே. டக்கர். அவரும் ஏறக்குறைய அதே அச்சு: ஆறடி ஐந்து அங்குலம், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பெரிய பெயர், கட்டுமஸ்தான உடம்பு. ஹைன்ஸ் போலில்லாமல் டக்கரை 2006 டிராஃப்டில் 35ஆவது இடத்தில் டொராண்டோ எடுத்தது, ஆனால் சீக்கிரமே விட்டுவிட்டது. இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி என்று சுற்றிவிட்டு பாம்பெர்க் வந்து, 2012 இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அந்தக் கோடையிலேயே ஃபீனிக்ஸ் அணி மூலம் என்பிஏ திரும்பினார். 2021இல் மில்வாக்கியோடு பட்டமும் வென்றார். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே ஊர், ஒரே பட்டம், ஒரே விருது. ஒருவர் மேற்கே திரும்பினார், மற்றவர் இன்னும் கிழக்கே போனார். எது வெற்றி என்று கேட்டால் என்னால் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட முடியாது.

ஹைன்ஸ் போனது கிரீஸின் ஒலிம்பியாகோஸுக்கு. 2011, கிரீஸ் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம். கிளப்பின் உரிமையாளர்கள் செலவைக் கடுமையாகக் குறைத்தார்கள். மிலோஷ் தெயோடோசிச், தியோடோரோஸ் பாபலூகாஸ் போன்ற விலையுயர்ந்த நட்சத்திரங்கள் வெளியேறினார்கள். அந்த வெற்றிடத்தில்தான் பெரிய பெயர் இல்லாத ஹைன்ஸ் போன்றவர்களுக்கு இடம் கிடைத்தது. பயிற்சியாளர் முதிய செர்பியர் துஷான் இவ்கோவிச். இளம் கிரேக்கர்கள், நடுவில் வசிலிஸ் ஸ்பனூலிஸ் என்ற ஒரே பெரிய நட்சத்திரம். யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

2012 மே மாதம் இஸ்தான்புல்லில் யூரோலீக் இறுதி ஆட்டம். எதிரே சிஎஸ்கேஏ மாஸ்கோ. என்பிஏவில் முதலாளிகளும் வீரர்களும் மோதி லீக் பூட்டிக் கிடந்ததால் ஊர் திரும்பிய ஆந்த்ரேய் கிரிலென்கோ, ஒலிம்பியாகோஸை விட்டுப்போன அதே தெயோடோசிச் என்று பணமும் திறமையும் குவிந்த அணி. மூன்றாம் கால்பகுதியில் ஒலிம்பியாகோஸ் 19 புள்ளிகள் பின்தங்கியது. பிறகு ஒவ்வொரு தடுப்பாக, ஒவ்வொரு கூடையாக மீட்டது. ஆட்டம் முடிய பத்து விநாடிகள்கூட இல்லாதபோது சிஎஸ்கேஏ ஒரு புள்ளி முன்னிலை, கூடவே இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. எறிய வந்தவர் ராமூனாஸ் சிஷ்கௌஸ்காஸ், அந்த வேலைக்கு நம்பகமான கை. இரண்டும் தவறின. ஸ்பனூலிஸ் பந்தோடு ஓடினார், கூடைக்குப் பக்கத்தில் இருந்த யோர்கோஸ் பிரின்டெசிஸுக்குத் தள்ளினார், அவர் மெதுவாக மேலே தூக்கிவிட்ட பந்து 0.7 விநாடி மிச்சமிருக்கையில் கூடைக்குள் விழுந்தது. 62–61. கூடைப்பந்தில் இதைவிட நல்ல மீட்சியை நான் பார்த்ததில்லை.

அது அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்கு அடுத்த ஆண்டே பதில் வந்தது. லண்டனில் அரையிறுதியில் சிஎஸ்கேஏவை 69–52, இறுதியில் ரியல் மாட்ரிடை 100–88. தொடர்ந்து இரண்டு பட்டம். அந்தக் கோடையில் சிஎஸ்கேஏ ஹைன்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தன்னைத் தோற்கடித்த அணியின் தூணை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்தானே.

ஐரோப்பா அவரிடம் கண்டது என்ன? அதை விளங்கிக்கொள்ள ஆட்டத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும். இன்றைய கூடைப்பந்தில் பாதிக்கு மேல் ஒரே தந்திரத்தைச் சுற்றி நடக்கிறது: பிக் அண்ட் ரோல். பந்து வைத்திருக்கும் சிறிய வீரரைத் தடுக்க ஒருவர் நிற்பார். தாக்கும் அணியின் பெரிய வீரர் வந்து அந்தத் தடுப்பாளரின் வழியில் தூண் மாதிரி நிற்பார், இதுதான் ஸ்கிரீன். பந்துக்காரர் அந்தத் தூணை உரசியபடி ஓட, தடுப்பாளர் சிக்கிக்கொள்வார். உடனே எதிரணியின் சென்டர் முடிவெடுக்க வேண்டும். பின்வாங்கிக் கூடையைக் காத்தால் பந்துக்காரருக்கு இலவசமாக எறிய இடம். முன்னே வந்தால், ஸ்கிரீன் போட்டவர் கூடையை நோக்கி உருள்வார், அவருக்குப் பந்து போகும். ஏழடி சென்டரின் கஷ்டம் இதுதான்: உயரம் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் ஓடும் கால் இல்லை.

ஹைன்ஸுக்கு அந்தக் கால் இருந்தது. ஸ்கிரீன் வந்ததும் ஆளை மாற்றிக்கொள்வார், ஸ்விட்ச் என்பார்கள். ஸ்பனூலிஸ் போன்ற ஒருவரை நேருக்கு நேர் நின்று மறிக்க முடிகிற சென்டர் இருந்தால், அந்தத் தந்திரம் முழுவதும் வீணாகிவிடும். பத்து விநாடி உழைத்து ஒரு அங்குலம்கூடத் திறக்காது. சரி, உள்ளே உயரமானவர் வந்து முதுகைக் காட்டி இடித்தால்? அங்கே அவருடைய அகலமான தோளும் தாழ்வான நிற்பும் கைகொடுக்கும். நீண்ட கைகள் உயரக்குறைவில் பாதியை ஈடுகட்டிவிடும்.

ஃபிபா விதிகளும் அவருக்கு உதவின. என்பிஏவில் தடுப்பாட்டக்காரர் யாரையும் காவல் காக்காமல் கூடைக்கு முன்னாலுள்ள பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபா ஆட்டத்தில் அந்தத் தடை இல்லை. அதனால் உள்பகுதி எப்போதும் நெரிசல். தனி மனித உயரத்தைவிட ஐந்து பேரும் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்பதுதான் முக்கியம். பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், அது வளையத்துக்கு மேல் உருண்டுகொண்டிருந்தாலும் தட்டிவிடலாம் என்பதும் ஃபிபா விதி. மேலெழும்பும் வேகம் இருப்பவருக்கு அது வரம். தாக்கும்போது அவர் செய்ததும் கண்ணில் படாத வேலைதான்: உறுதியான ஸ்கிரீன், அடுத்த நொடியில் உருளுதல், ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கி, கூடைக்கு ஓடுவதா மூலையில் நிற்பவருக்கு எறிவதா என்று ஒரே மூச்சில் முடிவெடுத்தல். புள்ளிக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இதில் பாதி தெரியாது.

மாஸ்கோவில் ஏழு பருவங்கள். சிஎஸ்கேஏ ரஷ்யாவை மையமாகக் கொண்ட விடிபி லீக்கை 2014 முதல் 2019 வரை வரிசையாக ஆறு முறை வென்றது. ஆனால் அந்தக் கிளப்புக்கு யூரோலீக்தான் பசி, அங்கேதான் அடி விழுந்தது. 2014 அரையிறுதியில் மக்காபி டெல் அவிவிடம் 67–68. 2015இல் பழைய அணியான ஒலிம்பியாகோஸிடம் 68–70. இரண்டு ஆண்டுகளில் மொத்தம் மூன்று புள்ளிகள். 2016இல் பெர்லினில் ஃபெனர்பாச்சேக்கு எதிரான இறுதியிலும் கையிலிருந்த பெரிய முன்னிலை கரைந்து போனது. கடைசி நொடிகளில் விக்டர் கிரியாபா தட்டிவிட்ட பந்தால் சமமாகி, கூடுதல் நேரத்தில் 101–96 என்று பட்டம் வந்தது. 2019இல் ஸ்பெயினின் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸை 91–83. நான்காவது பட்டம். 2016, 2018, பின்னர் 2022 என மூன்று முறை யூரோலீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர். மூன்றாவது முறை வாங்கும்போது வயது 35.

என்னை அசர வைப்பது பட்டங்களைவிட வேறொரு கணக்கு. யூரோலீக்கில் பருவத்தின் முடிவில் மிஞ்சும் நான்கு அணிகள் ஒரே ஊரில் கூடி மோதும். அதுதான் ஃபைனல் ஃபோர். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் ஹைன்ஸ் அதில் இருந்தார். 2020இல் கொரோனாவால் போட்டி நிறுத்தப்பட்டது. 2021இல் மிலானோடு மறுபடியும் அங்கே. அதாவது அந்தப் பத்தாண்டுகளில் நடந்த ஒன்பது ஃபைனல் ஃபோர்களிலும், மூன்று வெவ்வேறு அணிகளின் சட்டையில் அவர் நின்றார். அணிகள் மாறின, பயிற்சியாளர்கள் மாறினார்கள், நட்சத்திரங்கள் மாறினார்கள். மாறாமல் இருந்தவர் இந்தக் குட்டை சென்டர்.

இதற்கிடையில் அமெரிக்காவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2015 என்பிஏ இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணி 1–2 என்று பின்தங்கியபோது, பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு டிரேமண்ட் கிரீனை அந்த இடத்தில் நிறுத்தினார். கிரீனின் உயரம் ஆறடி ஆறு அங்குலம். அதன்பின் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றார்கள், அந்தப் பாணிதான் என்பிஏவையே மாற்றியது. எந்த ஸ்கிரீனுக்கும் ஆளை மாற்றிக்கொள்ளும், பந்தைச் சரியாகப் பிரித்துக் கொடுக்கும் குட்டை சென்டர் திடீரென்று பொக்கிஷமானார். 2008இல் 17ஆவதாக எடுக்கப்பட்டு, இரண்டு முறை ஆல் ஸ்டாராகவும் இருந்த ராய் ஹிபர்ட் 2017இல் முப்பது வயதில் லீக்கை விட்டே போனார். அவரைப் போன்ற கனமான, மெதுவான சென்டருக்கு இடம் இல்லாமல் போயிருந்தது. அந்தக் கோல்டன் ஸ்டேட் அணியின் நாயகன் கரி, ஹைன்ஸோடு ஒரே கல்லூரிக் குழுமத்தில் ஆடிய அதே கரி. ஏழெட்டு ஆண்டுகள் தள்ளிப் பிறந்திருந்தால் ஹைன்ஸை டிராஃப்டில் யாராவது எடுத்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

2020இல் மிலான் போனதற்குக் காரணம் எட்டோரே மெசினா. சிஎஸ்கேஏவில் ஹைன்ஸின் முதல் பருவத்துப் பயிற்சியாளர் அவர்தான். இடையில் அமெரிக்காவில் சான் அன்டோனியோவில் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, ஒலிம்பியா மிலானைச் சீரமைக்க வந்திருந்தார். அவர் முதலில் தேடியவர்களில் ஹைன்ஸ் ஒருவர். முதல் ஆண்டிலேயே 1992க்குப் பிறகு முதன்முறையாக மிலான் ஃபைனல் ஃபோருக்குப் போனது. பார்சிலோனாவிடம் கடைசி நொடிக் கூடையில் 82–84 என்று தோற்றது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் இத்தாலிய லீக் மிலானுக்கு, மூன்று இறுதிகளிலும் தோற்றது வர்ச்சுஸ் போலோன்யா. அதன்பிறகு ஹைன்ஸ் ஓய்வை அறிவித்தார். யூரோலீக்கில் 400க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருந்தார்.

அதே மிலான் கிளப்புக்கு இன்னொரு அமெரிக்கக் கல்லூரி வீரரின் பழைய நினைவும் உண்டு. பிரின்ஸ்டனில் ஆடிய பில் பிராட்லி, நியூ யார்க் நிக்ஸ் தேர்ந்தெடுத்தும் உடனே போகாமல், 1965இல் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். படிப்புக்கு நடுவே விமானத்தில் வந்துவந்து மிலானுக்கு ஆடி, 1966இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றுவிட்டுப் போனார். பின்னாளில் நியூ ஜெர்சியின் செனட்டர், ஹைன்ஸ் வளர்ந்த அதே மாநிலம். பிராட்லிக்கு ஐரோப்பா ஒரு இடைவேளை. ஹைன்ஸுக்கு அது முழு வாழ்க்கை. தொழிலாகப் பார்த்ததால்தான் அவர் 2018இல் யூரோலீக் வீரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியபோது அதில் முன்னின்றார். நெருக்கடியாக வரும் ஆட்டங்கள், உள்நாட்டு லீக்கும் யூரோலீக்கும் ஒன்றோடொன்று மோதும் அட்டவணை, தாமதமாகும் சம்பளம் எல்லாவற்றையும் வீரர்கள் அதுவரை தனித்தனியாகத்தான் சந்தித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹைன்ஸ் நடந்த பாதை இன்று அப்படியே இல்லை. 2021 ஜூலையிலிருந்து அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அதே ஆண்டு, ஒரு பருவம் சும்மா உட்காராமலே வேறு கல்லூரிக்கு மாறவும் அனுமதி வந்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட ஒரு வழக்குச் சமரசத்தின்படி, ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம். கிரீன்ஸ்போரோவில் இரண்டாம் ஆண்டே பிரமாதமாக ஆடும் பையன் இன்று அங்கே நான்காம் ஆண்டு வரை இருக்க வாய்ப்பு குறைவு. பெரிய கல்லூரி ஒன்று பணத்தோடு கூப்பிடும், தொலைக்காட்சி மேடையும் சேர்ந்து கிடைக்கும். ஐரோப்பாவின் இரண்டாம் டிவிஷன் தரும் சம்பளம் அவனுக்கு முன்பு போல் பெரிதாகத் தெரியாது.

ஓட்டம் எதிர்த்திசையிலும் தொடங்கிவிட்டது. ரியல் மாட்ரிடின் இளையோர் அணியில் வளர்ந்த ரஷ்யரான யெகோர் டியோமின் ஒரு பருவம் யூட்டாவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டு 2025 டிராஃப்டில் 8ஆவது இடத்தில் புரூக்ளினுக்குப் போனார். பார்சிலோனாவிலிருந்து இல்லினாய் போன லிதுவேனியாவின் கஸ்பராஸ் யாகுச்சியோனிஸ் 20ஆவது இடத்தில் மயாமிக்கு. பதின்ம வயதிலிருந்து தங்குமிடம், பள்ளி, பயிற்சி எல்லாம் கொடுத்து வளர்த்த பையன்களை, முதல் அணிக்குத் தயாராகும் நேரத்தில், பெரும்பாலும் இழப்பீடு எதுவும் இல்லாமல், அமெரிக்கக் கல்லூரிகள் எடுத்துக்கொண்டு போவதை ஐரோப்பியக் கிளப்புகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதைப் பற்றிய பேச்சு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.